ஓடுபாதையின் நடுக்கோடும் விமானியின் கால்களும்

விமான விபத்துகளை வகைப்படுத்த உலக அளவில் கையாளப்படும் பொதுப் பட்டியலில், விமானம் இன்னும் தரையில் இருக்கும்போதே விமானியின் ஆளுகையிலிருந்து நழுவிவிடுவதற்கு ‘எல்ஓசி-ஜி’ என்று ஒரு குறியீடும், அவ்வாறு நழுவியது ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்குவதற்கு ‘ஆர்இ’ என்று வேறொரு குறியீடும் உண்டு. சிறு விமானங்களின் புறப்பாட்டில் நிகழும் இத்தகைய விபத்துகளைப் பற்றிய அறிக்கைகள், எந்த நாட்டில் எழுதப்பட்டாலும், பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன: விமானி திசைக் கட்டுப்பாட்டைத் தக்கவைக்கத் தவறினார். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் காய்ச்சலில் இறந்தவருக்கு உடல் சூடு மிகுந்திருந்தது என்று சான்றிதழ் கொடுப்பதைவிட அது கூடுதலாக எதையும் சொல்வதில்லை. ஏறத்தாழ பத்து, பதினைந்து நொடிகளே நீடிக்கும் அந்த ஓட்டத்தில் விமானம் ஏன் ஒருபக்கம் இழுக்கிறது, இழுக்கும்போது விமானியின் கால்கள் ஏன் அசையாமல் இருக்கின்றன அல்லது தவறான பக்கம் அசைகின்றன என்பதைப் பயிற்சி விமானத்தின் வலப்பக்க இருக்கையில் பல்லாண்டுகள் உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள்.

இக்கட்டுரையாசிரியர் பறக்கக் கற்ற 1960-களின் பிற்பகுதி, இந்தியப் பிளையிங் கிளப்புகளில் இரண்டு தலைமுறை விமானங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலமாகும். போர்க்காலத்தின் மிச்சமாக வந்த டைகர் மாத் என்னும் இரட்டை அடுக்கு இறக்கை விமானங்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தன. அவற்றின் இடத்தில், 1958-இல் முதன்முதலாகப் பறந்ததும் பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கட்டப்பட்டதுமான புஷ்பக் நிலைபெற்றிருந்தது. துணி போர்த்திய உயர் இறக்கை, பக்கத்தில் பக்கமாக இருவர் அமரும் இருக்கை, 90 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்கக் கான்டினென்டல் எஞ்சின் ஆகியவையே அதன் அமைப்பு. டைகர் மாத்தும் புஷ்பக்கும் இரண்டுமே முன்னால் இரு சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு தாங்கியும் கொண்டவை; தரையில் நிற்கும்போது மூக்கை வானம் பார்க்கத் தூக்கி, வாலைத் தாழ்த்தி நிற்பவை. ஆங்கிலத்தில் டெயில்டிராகர் என வழங்கும் இவ்வகையைத் தமிழில் வால்சக்கர விமானம் எனலாம்.

டைகர் மாத் உருவான 1930-களின் உலகத்தில் ஓடுபாதை என்ற ஒன்று பெரும்பாலான விமானத்தளங்களில் இல்லவேயில்லை என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. அன்றைய தளம் பரந்த புல்வெளி. நடுவே காற்றுப்பை ஒன்று தொங்கும். விமானி அதைப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கி மூக்கைத் திருப்பிப் புறப்படுவார். எந்தத் திசையிலும் ஓடலாம் என்பதால் பக்கக்காற்று என்ற சிக்கல் அவருக்கு அரிதாகவே வந்தது. அந்த விமானத்துக்கு பிரேக்கும் கிடையாது; வாலடியில் சக்கரத்துக்குப் பதிலாக இரும்புக் காலணி மாட்டிய ஒரு கட்டை மட்டுமே இருந்தது. அந்தக் கட்டை புல்லையும் மண்ணையும் கீறிக்கொண்டு வந்ததால், அதன் உராய்வே வாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, விமானத்தை ஓரளவு நேராக வைத்திருந்தது. போருக்குப் பின் தார் ஓடுபாதைகள் பெருகியபோது இந்தப் பழைய ஏற்பாட்டின் இரண்டு காவல்களும் ஒருங்கே போயின: வால்கட்டைக்குத் தாரில் பிடிமானம் இல்லை, காற்று எங்கிருந்து வீசினாலும் பாதை போடப்பட்ட திசையிலேயே ஓடியாக வேண்டும். திசைக் கட்டுப்பாட்டுச் சிக்கல் விமானியின் திறமைக் குறைவாகப் பேசப்படத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்பது மூத்த பயிற்றுநர்களின் கருத்து. அதில் உண்மை இருப்பதாகவே இக்கட்டுரையாசிரியரும் கருதுகிறார்.

வால்சக்கர விமானம் இயல்பிலேயே நேராக ஓட விரும்பாதது. அதன் எடைமையம், அதாவது மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க இடம், முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது. கைவண்டியை இழுத்துச் செல்லும்போது அது பின்னால் ஒழுங்காக வருவதும், அதையே தள்ளிச் செல்லும்போது சிறிது கோணினாலும் மேலும் மேலும் கோணிக்கொண்டு போவதும் எல்லோரும் கண்டதே. வால்சக்கர விமானம் தள்ளப்படும் வண்டியின் நிலையில் இருக்கிறது. மூக்கு சற்றே இடப்பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை தான் வந்துகொண்டிருந்த நேர்கோட்டிலேயே போக முயன்று, வாலை வலப்பக்கம் வீசித் திருப்பத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. அது கைமீறிப் போகும்போது விமானம் ஒரு சக்கரத்தை அச்சாகக் கொண்டு சுழன்று, வெளிப்பக்க இறக்கைமுனை தரையில் உரசி, சில வேளைகளில் சக்கரக் காலே ஒடிந்து நிற்கும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்பார்கள்.

திருப்பத்தைத் தொடக்கிவைப்பது பெரும்பாலும் காற்று அன்று. எஞ்சினே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரைக் கொண்ட விமானத்தில், முழு விசை கொடுத்தவுடன் நான்கு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒன்றாகச் சேர்ந்தோ மூக்கை இடப்பக்கம் தள்ளுகின்றன. புரொப்பெல்லர் வலப்பக்கம் சுற்ற, விமானத்தின் உடல் எதிர்வினையாக இடப்பக்கம் சாய முயல்வதால் இடச்சக்கரம் தரையில் கூடுதலாக அழுந்தி உராய்கிறது. புரொப்பெல்லர் பின்னுக்குத் தள்ளும் காற்று நேராகப் போகாமல் உடலைச் சுற்றித் திருகிச் சென்று, செங்குத்து வாலின் இடப்புறத்தில் மோதி, வாலை வலப்பக்கம் தள்ளுகிறது. வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்து நிற்கும்போது, கீழ்நோக்கி இறங்கும் வலப்பக்கப் பிளேடு காற்றை அதிகக் கோணத்தில் வெட்டுவதால் இடப்பக்கப் பிளேடைவிடக் கூடுதலாக இழுக்கிறது. இதற்குப் பி-காரணி என்று பெயர். நான்காவது, வால்சக்கர விமானத்துக்கே உரியது: ஓட்டத்தின் நடுவில் விமானி ஸ்டிக் எனப்படும் இயக்குதண்டை முன்தள்ளி வாலைத் தூக்கும் நொடியில், சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லர் ஒரு பம்பரத்தைப்போல நடந்துகொண்டு, மேலே கொடுத்த தள்ளலைக் கால் சுற்று தள்ளி வலப்பக்கத்தில் வெளிப்படுத்துகிறது; வாலை எவ்வளவு அவசரமாகத் தூக்குகிறோமோ அவ்வளவு வேகமாக மூக்கு இடப்பக்கம் வெட்டும்.

இத்தனைக்கும் விமானியிடம் இருக்கும் மாற்று, ரடர் எனப்படும் வால்சுக்கானும் அதை இயக்கும் இரண்டு பெடல்களுமே. தொடக்கத்தில் வேகம் இல்லாததால் சுக்கானுக்கு வலுவும் குறைவு. புரொப்பெல்லர் தள்ளும் காற்று மட்டுமே அதன்மேல் வீசும். அதனால்தான் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாமல், மூன்று, நான்கு நொடிகள் எடுத்துக்கொண்டு சீராகத் திறக்கச் சொல்வது அன்றைய பயிற்றுநர்களின் முதல் பாடமாக இருந்தது: எஞ்சினின் இழுப்பு வளரும் வேகமும் சுக்கானின் வலு வளரும் வேகமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

டைகர் மாத்திலிருந்து புஷ்பக்குக்கு மாறியவர்களின் கால்களில் இந்தப் பாடம் தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. டைகர் மாத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் இருக்கையிலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுவது. ஆகவே அந்த விமானம் புறப்படும்போது வலப்பக்கம் இழுக்கும், அதைப் பிடிக்க இடக்கால் வேண்டும். புஷ்பக்கின் கான்டினென்டல் எஞ்சினோ வலஞ்சுழி, அதற்கு வலக்கால். பல ஆண்டுகள் பறக்காமல் இருந்துவிட்டு, பழைய ஆசையில் கிளப்புக்குத் திரும்பிய ஒரு மூத்த உறுப்பினர் புஷ்பக்கில் முதன்முதலாகப் புறப்பட்ட காலைப்பொழுது இக்கட்டுரையாசிரியரின் நினைவில் தெளிவாக உள்ளது. த்ராட்டில் அழகாகத்தான் திறந்தது. ஆனால் மூக்கு இடப்பக்கம் அசையத் தொடங்கியதுமே அவருடைய இடக்கால், இருபதாண்டுகளுக்கு முந்தைய பழக்கத்தால், முன்னால் போனது, திருப்பம் இரட்டிப்பானது. பயிற்றுநர் த்ராட்டிலை மூடி, வலப் பெடலை முழுவதுமாக மிதித்தபோது விமானம் ஓடுபாதையின் ஓரத்துச் சரளையில் ஒரு சக்கரத்தை வைத்து நின்றது. எந்தச் சேதமும் இல்லை. இறங்கி வந்த பெரியவர் காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டே காற்று மாறிவிட்டதாகச் சொன்னார். காற்றுப்பை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. போர்க்காலத்தில் மெர்லின் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர்களில் பழகியவர்கள், எதிர்ப்பக்கம் சுற்றும் கிரிஃபன் எஞ்சின் பொருத்திய பிற்கால ஸ்பிட்ஃபயருக்கு மாறியபோதும் இதே தடுமாற்றத்தைச் சந்தித்தார்கள். அங்கே எஞ்சினின் வலுவும் பன்மடங்கு என்பதால் பிழைக்கு விலையும் அதிகம். சோவியத் வடிவமைப்பான யாக்-52 பயிற்சி விமானத்துக்கும் இடக்காலே வேண்டும். ஆகவே புதிய விமானம் ஒன்றில் ஏறும்போது புரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் கேட்பது பழைய பயிற்றுநர்களின் வழக்கமாக இருந்தது. அவர்களுள் ஒருவர் மாணவர்களின் காலணிகளையும் பார்ப்பார்: தடித்த ரப்பர் அடி கொண்ட ஷூவோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெடலின் அழுத்தம் உள்ளங்காலுக்குத் தெரியும்படி மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூவோடு வரச் சொல்வார். அது கிறுக்குத்தனம் என்று இளையவர்கள் சிரித்தார்கள். பின்னாளில் பயிற்றுநரான சிலர் அதே விதியைத் தம் மாணவர்களிடம் வைத்ததும் உண்டு.

பெரிய மாற்றம் செஸ்னா 152, 172 போன்ற மூக்குச்சக்கர விமானங்கள் பயிற்சிக்கு வந்தபோது நிகழ்ந்தது. மூக்குச்சக்கரம் முன்னே இருக்க, எடைமையம் பின்சக்கரங்களுக்கு முன்னால் நகர்ந்துவிட, விமானம் தானாகவே நேராக ஓட முனையும் தன்மையைப் பெற்றது. விமானி முன்னே உள்ள ஓடுபாதையை முழுவதும் பார்க்க முடிந்தது. தூக்க வேண்டிய வால் இல்லை. பெடல்கள் ஸ்பிரிங் இணைப்பின் வழியாக மூக்குச்சக்கரத்தையும் இருபுறமும் ஏறத்தாழ 10 பாகை திருப்பின. கிரவுண்ட் லூப் ஏறக்குறைய வழக்கொழிந்தது. கூடவே காலின் அறிவும் மெல்ல மங்கியது என்பதுதான் இந்த முன்னேற்றத்தின் மறுபக்கம். நான்கு இழுப்புகளுள் மூன்று இன்னும் இருந்தன, குறைந்த அளவில். ஆனால் சக்கரம் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொண்டதால் மாணவர் அவற்றை உணராமலே பல மணி நேரம் பறந்துவிட முடிந்தது.

இந்தக் காலத்தில்தான் புதிய வகை மாணவர் வந்தார்: கார் ஓட்டத் தெரிந்தவர். 1960-களின் மாணவருக்குப் பெரும்பாலும் சைக்கிளைத் தவிர எந்த வண்டியும் பழக்கமில்லை. ஆகவே விமானம் கற்றுக்கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். கார் ஓட்டிப் பழகியவருக்கோ, முன்னால் அரைவட்டக் கைப்பிடி ஒன்று இருந்தால் அது வண்டியைத் திருப்புவதற்கே என்ற நம்பிக்கை எலும்பில் ஊறியிருக்கிறது. மூக்கு இடப்பக்கம் நகர்ந்தால் அவர் கைப்பிடியை வலப்பக்கம் திருப்புவார். அந்தக் கைப்பிடி இயக்குவது இறக்கையின் ஓரத்தில் உள்ள எய்லரான் என்னும் மடல்களை; தரையில் ஓடும் விமானத்தின் திசையை அது மாற்றாது. விமானம் கேட்கவில்லை என்று கண்டதும் மேலும் திருப்புவார். கால்கள் தரைவிரிப்பில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். இத்தகைய மாணவர்களை முதல் சில பாடங்களில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கால்களால் மட்டுமே டாக்ஸிவேயில் விமானத்தை ஓட்டச் செய்வது பயனுள்ளதாக இருந்தது.

மூக்குச்சக்கரத்துக்கென்றே உரிய இன்னொரு விபத்தும் உருவானது. வேகம் கூடியபின்னும் விமானம் எழுந்துவிடாமல் தரையிலேயே இருக்கட்டும் என்று கைப்பிடியை முன்தள்ளிப் பிடிப்பவர்கள் உண்டு, குறிப்பாகக் காற்று பலமாக இருக்கும் நாட்களில். இறக்கைகள் எடையின் பெரும்பகுதியைத் தூக்கத் தொடங்கிய நிலையில் பின்சக்கரங்கள் இலேசாகி, மூக்குச்சக்கரம் ஒன்றே தரையை அழுத்திப் பிடித்திருக்கும். அப்போது எடைமையம் மீண்டும் தரையைத் தொடும் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட, வால்சக்கர விமானத்தின் பழைய நோய் புதிய உடலில் திரும்பி வருகிறது. வீல்பேரோ என்று இதற்குப் பெயர். மூக்குச்சக்கரத்தைக் குறித்த வேகத்தில் மெல்ல இலேசாக்குவதே இதற்கு மருந்து என்றாலும், பக்கக்காற்றில் சற்றுக் கூடுதல் வேகம் வரை தரையில் இருங்கள் என்று பாடநூல்கள் சொல்வதை, கைப்பிடியை முன்தள்ளிப் பிடியுங்கள் என்று மாணவர்கள் புரிந்துகொள்வது இன்றும் நின்றபாடில்லை.

பக்கக்காற்றைக் கணக்கிடுவது கடினமன்று. காற்று ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து வீசினால் அதன் வேகத்தில் பாதியும், 60 பாகையானால் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கும் பக்கவாட்டில் தாக்கும். செஸ்னா 172-இன் கையேட்டில் 15 நாட், 152-இன் கையேட்டில் 12 நாட் என்று குறிக்கப்பட்டிருப்பவை, அந்த விமானங்கள் சோதனையில் சமாளித்துக் காட்டிய அளவுகளேயன்றி, எந்த விமானியும் சமாளிக்கக்கூடிய அளவுகள் என்று பொருளல்ல. இடப்பக்கத்துக் காற்று எஞ்சினின் இழுப்போடு சேர்ந்துகொள்ளும். வலப்பக்கத்துக் காற்று அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஆகவே ஒரே வேகத்துப் பக்கக்காற்று இரண்டு பக்கமும் ஒரே சிக்கலைத் தருவதில்லை. சென்னையில் பறந்தவர்களுக்கு இது வருடத்தில் சில மாதங்கள் அன்றாடப் பாடமாக இருந்தது. கோடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் காலையில் மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் சில நிமிடங்களில் கிழக்கு, தென்கிழக்காகத் திரும்பிவிடும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதையின் தொடக்கத்தில் அனுமதிக்காகக் காத்து நிற்கும்போது, அருகிலுள்ள காற்றுப்பை தளர்ந்து விழுந்து, சிறிது நேரம் எப்பக்கமும் சேராமல் ஆடிவிட்டு, பின் எதிர்ப்புறமாக நிமிர்வதைப் பார்க்க முடியும். தொலைவிலுள்ள மறுமுனைக் காற்றுப்பை அந்நேரத்தில் இன்னும் பழைய திசையையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்கள் புறப்படாமல் காத்திருப்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த எவரும் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை.

பயிற்றுநர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு முரண் உண்டு. எஞ்சின் இழுப்பது இடப்பக்கம். ஆயினும் புல்லுக்குள் இறங்கி நிற்கும் பயிற்சி விமானங்களுள் கணிசமானவை வலப்பக்கத்துப் புல்லில்தான் நிற்கின்றன. முதலில் மூக்கு இடப்பக்கம் போகிறது. மாணவர் தாமதமாக உணர்ந்து, வலப் பெடலை முழுவதுமாக மிதிக்கிறார். அதே நொடியில் பயந்து த்ராட்டிலையும் முழுவதுமாக மூடுகிறார். எஞ்சின் விசை போனதும் இடப்பக்க இழுப்பும் அதனுடன் போய்விடுகிறது; ஆனால் மிதித்த கால் மிதித்தபடியே இருக்கிறது. எதிர்ப்பு இல்லாமற்போன சுக்கானும் திரும்பிய மூக்குச்சக்கரமும் விமானத்தை வலப்பக்கம் வீசுகின்றன. பதற்றத்தில் பாதத்தின் மேற்பகுதி பெடலின் உச்சியிலுள்ள பிரேக்கையும் அழுத்திவிட்டால், வலச்சக்கரம் மட்டும் இறுகி, திருப்பம் உறுதியாகிவிடும். த்ராட்டிலை மூடுவது சரியான முடிவே. அதை மூடும்போதே காலும் தளர வேண்டும் என்பதைப் பேச்சால் கற்பிக்க முடிவதில்லை. காலியான ஓடுபாதையில், புறப்படும் வேகத்துக்கு வெகு கீழே, பயிற்றுநர் வேண்டுமென்றே த்ராட்டிலை மூடி மூடித் திறந்து, மாணவரின் கால்கள் விசையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அசையும்வரை பழக்குவதே ஒரே வழியாக இருந்தது.

இதைவிடக் கொடியது வேறொன்று. விமானம் கோணிக்கொண்டு ஓரத்தை நோக்கி ஓடும்போது, தரையை விட்டு எழுந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தில் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துவிடுவது. தரையை ஒட்டிய உயரத்தில் இறக்கையைப் பின்னிழுக்கும் விசை குறைவதால் விமானம் போதிய வேகமின்றியும் எழுந்துவிடக்கூடும். சில மீட்டர் உயர்ந்ததும் அந்த உதவி போய், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கும் விமானத்தின் ஓர் இறக்கை காற்றைத் தாங்கும் திறனை இழந்து கவிழும். ஓடுபாதையிலிருந்து புல்லில் இறங்கிய விமானத்திலிருந்து விமானி பெரும்பாலும் நடந்து வெளியே வந்துவிடுகிறார். இவ்வாறு எழுந்தவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. இதன் காரணமாகவே, ஓரத்து விளக்கு ஒன்று நொறுங்குவதைப் பெரிய அவமானமாகக் காட்டி மாணவர்களை மிரட்டிய நிர்வாகங்களை இக்கட்டுரையாசிரியர் எப்போதும் எதிர்த்தே வந்துள்ளார். விளக்குக்கு அஞ்சுபவர் கைப்பிடியை இழுக்கவே செய்வார்.

காரணம் காலிலும் இல்லாமல் காற்றிலும் இல்லாமல் இருக்கையில் இருந்த நேர்வுகளும் உண்டு. சிறு விமானத்தின் முன்னிருக்கை இரண்டு தண்டவாளங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாக உள்ள ஓட்டைகளுள் ஒன்றில் ஒரு சிறு பின் இறங்கி இருக்கையைப் பூட்டும். பின்னும் ஓட்டையும் தேய்ந்திருந்தால், பூட்டியதுபோல் தோன்றிய இருக்கை, த்ராட்டில் திறந்து விமானம் முன்னோக்கி உந்தும்போது பின்னால் சரியும். சரிபவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வது இயற்கை. கையில் இருப்பது கைப்பிடி. மூக்கு மேலெழும், கால்கள் பெடலை விட்டு அகலும். செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளங்களையும் பின்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்தாக வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இல் கட்டாய ஆணை பிறப்பித்ததற்கு இதுவே பின்னணி. அந்த ஆணையின் நகல் மேசையில் கிடந்தும் அதன் பொருள் பலருக்கும் உறைக்கவில்லை. ஒரு பயிற்சி நிறுவனத்தில் மாணவி ஒருவர் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே பின்சரிந்து, வலப்பக்கம் இருந்த பயிற்றுநர் த்ராட்டிலை மூடிக் காப்பாற்றிய பிறகுதான் மெக்கானிக் ஒருவர் இருக்கையைக் கழற்றி, தண்டவாளத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “பாருங்க சார், ஓட்டை வட்டமாவே இல்ல, நீளமாயிடுச்சு, பின் உள்ள எறங்கவே இல்ல, விளிம்புல ஒக்காந்திருக்கு” என்றார் அவர். ஓட்டையின் பின்விளிம்பு விரல்நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்குச் சரிவாகத் தேய்ந்திருந்தது. மாணவி உயரம் குறைந்தவர்; பெடல் எட்ட வேண்டும் என்பதற்காக அவரும் அவரையொத்த உயரமுள்ள பிறரும் திரும்பத் திரும்ப அந்த ஒரே ஓட்டையைப் பயன்படுத்தியிருந்தார்கள். இருக்கையைப் பூட்டியபின் இடுப்பால் முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்கும் பழக்கம் அந்த நிறுவனத்தில் அன்று தொடங்கியது.

இரட்டை எஞ்சின் விமானத்துக்குப் போகும்போது ஓட்டத்தில் திசையைக் காக்கும் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1937 மார்ச் 20 அன்று ஹொனலுலுவின் லூக் ஃபீல்டில் உலகைச் சுற்றிவரும் முயற்சியிலிருந்த அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் புறப்பாட்டு ஓட்டத்தில் திசை பிறழ்ந்து சுழன்று, சக்கரக் கால்கள் ஒடிந்து, வயிற்றில் சறுக்கி நின்றது. உள்ளே இருந்த எவருக்கும் காயமில்லை. டயர் வெடித்தது என்றும், இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில்களையும் மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைத்துத் திசையைச் சரிசெய்ய முயன்றதால் நேர்ந்தது என்றும் இரு கருத்துகள் அன்று முதல் உண்டு. நீண்ட கடல்வழிக்கான எரிபொருளைச் சுமந்திருந்த கனத்த வால்சக்கர விமானம் அது. பழுதுபார்க்கக் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டபின், அவர் பயணத்தை எதிர்த்திசையில் தொடங்கி, ஜூன் மாதத்தில் கராச்சி, கல்கத்தா வழியாகச் சென்று, ஜூலை 2 அன்று நியூ கினியின் லே நகரிலிருந்து புறப்பட்டபின் மறைந்துபோனது பலரும் அறிந்ததே. பயிற்சி வகுப்புகளில் அந்த மறைவைவிட ஹொனலுலு ஓட்டமே அதிகம் பயன்பட்டது: த்ராட்டில்களால் திசையைத் திருத்துவதில் எஞ்சின் பதிலளிக்கச் சற்று நேரம் எடுக்கும், அந்தத் தாமதத்துக்குள் மூக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கும், அடுத்த திருத்தம் அதைவிடப் பெரிதாகும்.

இக்கால இரட்டை எஞ்சின் விமானங்களில் வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஓர் எஞ்சின் நின்று மற்றொன்று முழு விசையில் இயங்கும்போது, சுக்கானால் திசையைக் காக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் அது. அதற்குக் கீழே ஓர் எஞ்சின் நின்றால், நன்றாக ஓடும் எஞ்சினையும் சேர்த்து மூடிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய விசையை வேண்டாம் என்று கைவிடுவது மனித இயல்புக்கு மாறானது. அதற்கென்றே தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. இரண்டு புரொப்பெல்லர்களும் வலஞ்சுழியாகச் சுற்றினால், இட எஞ்சின் நிற்பதே மோசமான நிலை. ஏனெனில் வல எஞ்சினின் இழுப்பு மையத்திலிருந்து கூடுதலாக விலகி நிற்கும். பைப்பர் செனகாவில் வல எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும்படி அமைத்து இந்த வேறுபாட்டை நீக்கினார்கள். செனகாவில் பழகி, பின் வேறு விமானத்துக்குப் போனவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பற்றிய நினைவூட்டல் தேவைப்பட்டது.

இன்றைய பயிற்சி விமானங்களில் கடிகார முட்களுக்குப் பதிலாகத் திரைகள் வந்துவிட்டன. ஜி1000 போன்ற கருவித்தொகுதிகள் நொடிக்கு ஒருமுறை வேகம், திசை, எஞ்சின் சுற்று, பக்கவாட்டு முடுக்கம் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் பதிவுசெய்கின்றன. மூக்கு திரும்பத் தொடங்கிய கணத்துக்கும் மாணவர் அதை உணர்ந்ததாகச் சொல்லும் கணத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை இப்போது அவருக்கே வரைபடமாகக் காட்டலாம். அதைப் பார்த்தபின் காற்றைக் குறைசொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பெடல்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை அந்தக் கருவி பதிவதில்லை. சிமுலேட்டரிலும் நிலைமை இதுவே: பறக்கும்போது நேரும் பெரும்பாலானவற்றை அது நன்றாகக் காட்டுகிறது, ஓடுபாதையில் சக்கரத்தின் உராய்வையும் இருக்கையின் அடியில் உணரும் பக்கவாட்டுத் தள்ளலையும் எளிய சிமுலேட்டர்கள் தருவதில்லை. அங்கே நூறு முறை நேராகப் புறப்பட்டவர் உண்மையான விமானத்தில் முதல்முறை வளைந்து போவது வியப்பல்ல.

ஆகவே விசாரணைக்குச் செல்பவர்கள் இன்னும் தரையைத்தான் படிக்கிறார்கள். பிரேக் இறுகியதால் விழுந்த டயர்க் கோடு கறுத்து நேராக இருக்கும். பக்கவாட்டில் வழுக்கிய டயரின் கோடு வளைந்து, அதன் குறுக்கே மெல்லிய சாய்கோடுகளைக் கொண்டிருக்கும். எந்தக் கோடு முதலில் தொடங்குகிறது, மூக்குச்சக்கரத்தின் தடம் எந்த இடத்தில் மறைகிறது என்பதைக் கொண்டு கைப்பிடி எப்போது இழுக்கப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மழை பெய்தால் இவை மங்கிப்போகும் என்பதால், அழைப்பு வந்தவுடன் கேமராவும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடுபாதைக்குப் போய்விட்டு, அதன்பிறகே விமானத்தின் அருகில் சென்று இருக்கையின் பின் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்ப்பது வழக்கம்.